மேஜர் ஐயாவின் டிரங்குப் பெட்டி: நினைவு மலரில் அவர் பணிக்காலத்தை எப்படி எழுதுவது?

#1 கண்டனூர்

அனைவருக்கும் வணக்கம். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பெரிய ஐயாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு 48 பக்கத்தில் ஒரு மலர் போடுகிறோம். அவர் ராணுவ வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுச் சொல்ல அவரோடு படையில் இருந்தவர் யாரும் வீட்டில் இல்லை. இருப்பதெல்லாம் ரெண்டாங்கட்டு அறையில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டிதான். அதில் இருந்தவை:

கமிஷன் பத்திரம் (அதிகாரியாக நியமித்த ஆணை), 1963 தேதி. ஓய்வூதிய ஆணை, 1987, பதவி மேஜர். ஒன்பது பதக்கங்கள், பலவற்றில் நாடா நைந்துவிட்டது. சட்டையில் குத்தும் நாடாப் பட்டை ஒன்று, அதில் எட்டு நாடாத் துண்டு. யானை பொறித்த தொப்பிச் சின்னம். 1964 முதல் 1972 வரை ஊருக்கு எழுதிய கடிதக் கட்டு, எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும். சீருடைப் படங்கள் பதினொன்று. ஒரு படத்தில் தோளில் சிங்கச் சின்னமும் ஒரு நட்சத்திரமும் இருக்கின்றன, பின்புறம் 1983 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. சில காகிதங்களில் அவர் எண் 'இ.சி.' என்று தொடங்குகிறது, சிலவற்றில் 'ஐ.சி.' என்று.

மலருக்கு எழுதி வைத்த பத்தி இது: "சீனப் போரிலும், 1965 பாகிஸ்தான் போரிலும், 1971 வங்கதேசப் போரிலும் களம் கண்டு, ஒன்பது வீரப் பதக்கங்கள் பெற்று, லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து ஓய்வு பெற்ற முன்னாள் மேஜர்." அச்சுக்குப் போகுமுன் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.

#2 நாடாவரி

அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியில் நான்கு இடமாவது இடிக்கிறது. ஆனால் பெட்டி நல்ல பெட்டி, அதிலேயே விடையும் இருக்கிறது.

முதலில் பதக்கம். இந்திய ராணுவத்தில் வீரத்துக்கு என்று தருபவை சில மட்டுமே: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா, அப்புறம் சேனா மெடல். மற்றவை இன்ன போர்க் காலத்தில் இன்ன இடத்தில் பணியில் இருந்தார், இத்தனை ஆண்டு பணி முடித்தார் என்பதற்குச் சான்று. அவை கௌரவம்தான், ஆனால் 'வீரப் பதக்கம்' அல்ல. நினைவு மலர்களில் அதிகம் நடக்கும் பிழை இது. படிக்கிற பழைய ராணுவத்தார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் மலரில் உள்ள உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுங்கள். பெயர் பதக்கத்திலேயே இருக்கும். அதோடு ஒவ்வொன்றின் விளிம்பையும் படியுங்கள். சுதந்திரத்துக்குப் பின் தந்த பதக்கங்களில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை விளிம்பில் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவமாக இருந்தால் பின்புறம் பாருங்கள். எழுத்து மிகச் சிறியது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கைபேசியில் கிட்டப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும்.

விளக்குத் துலக்குவதுபோல புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளைப் பாலிஷும் வேண்டாம். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது, நாலு முறை துலக்கினால் பெயர் போய்விடும். பெயர் போன பதக்கம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

#3 மூன்று நட்சத்திரம்

போர்களின் தேதியை ஒட்டிப் பாருங்கள். சீனப் போர் 1962 அக்டோபர் 20இல் தொடங்கி நவம்பர் 21இல் நின்றது. கமிஷன் பத்திரம் 1963. அப்படியென்றால் அவர் அந்தப் போரில் அதிகாரியாக இல்லை. குழப்பம் எங்கே வந்தது என்பது 'இ.சி.' எண்ணிலேயே தெரிகிறது. இ.சி. என்றால் எமர்ஜென்சி கமிஷன், அவசரகாலக் கமிஷன். சீனப் போரில் அடிபட்ட பிறகு அதிகாரிகள் பற்றாக்குறை தெரிந்து, கல்லூரி முடித்த இளைஞர்களை வேகமாகப் பயிற்றுவித்து எடுத்தார்கள். சென்னையில் பரங்கிமலை அருகே ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல் 1963இல் தொடங்கியது இதற்காகத்தான். இன்று ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி என்கிறோமே, அதுவேதான். பெயர் 1988இல் மாறியது. "சீனப் போரால் ராணுவத்துக்குப் போனார்" என்று வீட்டில் சொன்னது, கைமாறிக் கைமாறி "சீனப் போருக்குப் போனார்" என்று ஆகியிருக்க வேண்டும்.

ஐ.சி. என்பது நிரந்தரக் கமிஷன் எண். அவசரகாலக் கமிஷனில் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டார்கள். தேர்வில் நின்றவர்களுக்கு மட்டும் நிரந்தரக் கமிஷனும் புது எண்ணும் கிடைத்தன. ஆக இரண்டு எண்ணும் ஒருவரே. இதை மலரில் கட்டாயம் எழுதுங்கள். வடிகட்டலில் தங்கினார் என்பது பெரிய விஷயம், யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: நிரந்தரக் கமிஷன் கிடைக்கும்போது பணிமூப்பை மறுபடி கணக்கிடுவார்கள். அதனால் கேப்டன் ஆன தேதி ஒரு காகிதத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கலாம். பிழை என்று நினைத்து நீங்களாக ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

#4 வெலிங்டன் சாலை

மேஜரா கர்னலா என்ற கேள்விக்கு:

தோள் சின்னக் கணக்கு இது. ஒரு நட்சத்திரம் செகண்ட் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன். சிங்கம் மட்டும் மேஜர். சிங்கமும் ஒரு நட்சத்திரமும் லெப்டினன்ட் கர்னல். சிங்கமும் இரண்டும் கர்னல், மூன்றும் பிரிகேடியர். 1983 படத்தில் ஐயா லெப்டினன்ட் கர்னல் சின்னம்தான் அணிந்திருக்கிறார். ஆனால் ஓய்வூதிய ஆணையில் மேஜர். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். அந்தக் காலத்தில் ஒரு பொறுப்பைப் பார்க்கும்போது மட்டும் மேல்பதவியைத் தருவார்கள், அதற்கு 'ஆக்டிங்' பதவி என்று பெயர். பொறுப்பு முடிந்தால் சின்னத்தைக் கழற்றிவிட்டுத் தன் நிலையான பதவிக்கு வருவார். நிலையான பதவியை 'சப்ஸ்டான்டிவ்' என்பார்கள். ஓய்வூதிய ஆணையில் மேஜர் என்று இருக்கும்போது படத்தை வைத்து அதை மாற்றாதீர்கள். "1983இல் லெப்டினன்ட் கர்னல் பொறுப்பில்" என்று படத்துக்குக் கீழே போடுங்கள், கட்டுரையில் மேஜர் என்றே வரட்டும்.

இன்னொன்று, இளையவர்களுக்காக. 24 வருஷம் பணி செய்து மேஜராகத்தான் ஓய்வு பெற்றாரா என்று யாரும் தாழ்வாக நினைக்கக் கூடாது. இப்போது 13 ஆண்டு பணி முடிந்தால் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடலாம். அது 2004 டிசம்பருக்குப் பின் வந்த விதி. ஐயா காலத்தில் கேப்டன், மேஜர் பதவிகள் வரைதான் பொதுவாக ஆண்டுக் கணக்கில் வந்தன. லெப்டினன்ட் கர்னல் பதவிக்குப் பெரும்பாலும் தேர்வுக் குழு வைத்துப் பொறுக்குவார்கள், இடமோ மிகக் குறைவு. அன்றைய மேஜரை இன்றைய கணக்கில் நிறுத்தாதீர்கள். செகண்ட் லெப்டினன்ட் பதவியும் இப்போது இல்லை, அதனால் மலரில் அந்தச் சொல் வந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் புரிய ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

#5 தேவகோட்டை ரஸ்தா

இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் 'கேப்டன் வீடு' என்றே ஒரு வீட்டுக்குப் பெயர். ஆனால் அவர் சிப்பாயாகச் சேர்ந்தவர் என்கிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் கேப்டன் ஆக முடியுமா?

#6 வெலிங்டன் சாலை

முடியும் தம்பி. சிப்பாயாகச் சேர்ந்து நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஏறியவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நாட்களில் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி தருவார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் பெயருக்கு முன் 'ஹானி' என்று இருக்கும். எழுதும்போது 'கௌரவ' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. கமிஷன் வாங்கிய கேப்டன் சில ஆண்டுகளிலேயே தோளில் மூன்று நட்சத்திரம் வைத்துவிடுவார். கௌரவ கேப்டன் அதே மூன்றை வைக்க வாழ்நாள் பணி முழுவதும் ஆகிறது. அந்தச் சொல்தான் அவர் உழைப்பைக் காட்டுகிறது.

பழைய காகிதத்தில் 'ஜமேதார்' என்று இருந்தால் அது நாயப் சுபேதார். 1965இல் பெயர் மாறியது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஜமேதார் வீடு என்றுதான் சொல்வார்கள்.

கல்லூரி என்.சி.சி. பேராசிரியர்களுக்கும் லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று பதவிப் பெயர் உண்டு. அது என்.சி.சி. பதவி, ராணுவப் பதவி அல்ல. காரைக்குடி போன்ற கல்லூரி ஊரில் இந்தக் குழப்பம் எளிதாக வரும், காகிதத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

#7 கண்டனூர்

பதக்கங்களைப் படித்துவிட்டோம். சமர் சேவா ஸ்டார் 1965. பச்சிமி ஸ்டார். ரக்ஷா மெடல் 1965. சங்க்ராம் மெடல் இரண்டு. சைன்ய சேவா மெடல், அதன் நாடாவில் 'ஹிமாலயா' என்று ஒரு உலோகப் பட்டை. சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல். 20 ஆண்டு, 9 ஆண்டு நீள்பணி மெடல்கள். விளிம்பு எழுத்தை நாளை எடுக்கிறோம்.

#8 நாடாவரி

அருமை. இந்தப் பெயர்களிலேயே அவர் பணிக்காலம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரக்ஷா மெடல் 1965 போர்க்காலத்தில் படையில் இருந்த பெரும்பாலோருக்கும் வந்தது. சமர் சேவா ஸ்டார் அப்படியல்ல, அந்தப் போரில் களப்பகுதியில் பணி செய்தவர்களுக்கு. இரண்டும் இருப்பதால் "1965 போரின்போது களப்பகுதியில் பணியாற்றினார்" என்று தைரியமாக எழுதலாம். கமிஷன் வாங்கி இரண்டே வருஷத்தில்! இளம் அதிகாரி, பெரும்பாலும் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனை நடத்தும் வயசு.

1971க்கும் இதே கணக்கு. சங்க்ராம் மெடல் பரவலாகத் தந்தது, ஸ்டார்தான் களத்தைச் சொல்லும். பூர்வி என்றால் கிழக்கு, அதாவது வங்கதேசப் பக்கம். பச்சிமி என்றால் மேற்கு. ஐயாவுக்கு இருப்பது பச்சிமி. ஆக அவர் 1971இல் வங்கதேசத்தில் போரிடவில்லை, மேற்கு எல்லையில் இருந்தார். 1971 என்றதும் எல்லோருக்கும் டிசம்பர் 16 டாக்கா சரணாகதிதான் நினைவு வருகிறது. மேற்கிலும் டிசம்பர் 3 முதல் 17 வரை கடுமையான போர் நடந்தது, அதை மறைத்து வங்கதேசம் என்று எழுதுவது அங்கே இருந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சைன்ய சேவா மெடல் கடினமான பகுதிகளில் பணி செய்ததற்கு. நாடாவில் உள்ள பட்டைக்கு 'கிளாஸ்ப்' என்று பெயர், எந்தப் பகுதி என்பதை அது சொல்லும். ஹிமாலயா என்றால் இமயமலை எல்லை. அதைத் தனியாகக் கழற்றி வைக்காதீர்கள், தொலைந்தால் அந்தப் பணியின் இடமும் தொலையும். சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல் 1972இல் பணியில் இருந்தவர்களுக்கு வந்தது.

அணியும் வரிசை: சமர் சேவா, பச்சிமி, ரக்ஷா, சங்க்ராம், சைன்ய சேவா, 25ஆம் ஆண்டு, 20 ஆண்டு, 9 ஆண்டு. முதலாவது சட்டைப் பொத்தானுக்கு அருகில் வரும். அதாவது பார்க்கிறவர் கண்ணுக்கு இடமிருந்து வலம். மலரில் படம் எடுக்கும்போதும் இதே வரிசை. உங்கள் நாடாப் பட்டையில் நிறங்கள் இந்த வரிசையில்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணிப் பார்த்தால் எட்டு வகைதான் வருகிறது. நாடாப் பட்டையிலும் எட்டுதான். ஒரே சங்க்ராம் மெடலை ஒருவருக்கு இரண்டு முறை தரமாட்டார்கள். அந்த இரண்டின் விளிம்பையும் முதலில் படியுங்கள்.

#9 பட்டாலைத் தூண்

நாளை எடுக்குமுன் பாதுகாப்பு பற்றி. நம் வீடுகளில் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே ஈரப்பதம் ஏறி இறங்குகிறது, பூட்டிக் கிடக்கும் ரெண்டாங்கட்டில் இது இன்னும் மோசம். காகிதத்துக்கும் துணிக்கும் அதுதான் எமன்.

டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். நாடாவிலும் படத்திலும் நேராகப் படவே கூடாது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கடிதங்களை உடனே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, பக்கத்தில் வெள்ளிப் பொருள் இருந்தால் கறுத்துவிடும், காகிதத்திலும் பழுப்புக் கோடு விழும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின்னை இழுக்காதீர்கள், பின்புறம் கால்களை நிமிர்த்தி மெல்ல எடுக்க வேண்டும்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட பசை காகிதத்தோடு ஒன்றிவிடும், திரும்ப எடுக்க வழியே இல்லை. கமிஷன் பத்திரத்தை லாமினேட் செய்து பாழாக்கிய வீடுகள் எத்தனையோ.

படங்களைச் சாதாரண அளவுக்கு 600 டி.பி.ஐ., பாஸ்போர்ட் அளவுக்கு 1200 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் எடுங்கள், 1983 என்ற பென்சில் எழுத்து அங்கேதானே இருந்தது. வளவில் மாட்டியிருக்கும் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு நாளுக்குக் கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் இடுவது வழக்கம்தான். ஈரச் சந்தனம் சட்டத்தின் கீழ் இடுக்கில் இறங்கிப் படத்தின் அடிப்பகுதியை அரிக்கிறது. மூலப் படத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிரதியை மாட்டினால் சந்தனம் தாராளமாக இடலாம்.

பதக்கத்தை உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஒவ்வொன்றும் தனிப் பருத்திப் பையில். நாடா நைந்திருந்தால் புதிது வாங்கி மாட்டலாம், அகலம் 32 மில்லிமீட்டர். பழைய நாடாவைத் தூக்கி எறியாமல் அதே பையில் வையுங்கள்.

#10 புதுவயல் தபால்

கடிதக் கட்டை மறந்துவிட்டீர்களே. 56 ஏ.பி.ஓ. என்பது ஒரு ஊர் அல்ல, ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். படைப்பிரிவு எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியாமல் இருக்க, மேற்கு, வடக்குப் பக்கப் பிரிவுகளின் தபால் முழுவதும் அந்த ஒரே முகவரிக்கு வரும். கிழக்குப் பக்கத்துக்கு 99 ஏ.பி.ஓ. ஆகவே 56 என்பதை வைத்துக் குறிப்பிட்ட ஒரு இடத்தின் பெயரை எழுதாதீர்கள். ஆனால் பச்சிமி ஸ்டாரோடு அது பொருந்துகிறது, அவ்வளவு சொல்லலாம்.

முகவரியைவிட அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். களத் தபால் நிலையத்தை எஃப்.பி.ஓ. என்பார்கள், முத்திரையில் அதன் எண்ணும் தேதியும் இருக்கும். கடிதத்தின் உள்ளே தேதி இல்லாவிட்டாலும் முத்திரை கொடுத்துவிடும். எல்லாக் கடிதத்தையும் முத்திரைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் எஃப்.பி.ஓ. எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண் மாறும் இடத்தில் பிரிவு இடம் மாறியிருக்கிறது அல்லது ஐயா வேறு பொறுப்புக்குப் போயிருக்கிறார். உறையைக் கிழித்துத் தபால்தலை எடுக்க யாரையும் விடாதீர்கள்! பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. ராணுவத் தபாலின் பின்கோடு 9இல் தொடங்கும். தேதி அழிந்த கடிதத்தின் முகவரியில் பின்கோடு இருந்தால் அது அதற்குப் பிந்தியது.

பர்மாக் கடிதங்களோடு இவற்றைக் கலந்துவிடாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் பர்மாக் கொடுக்கல் வாங்கல் காகிதமும் ராணுவக் காகிதமும் ஒரே பெட்டியில் கிடக்கும். 'பர்மா ஸ்டார்' என்ற பதக்கம் எங்காவது அகப்பட்டால் அது இரண்டாம் உலகப் போரில் பர்மாக் களத்தில் படையில் இருந்தவருக்குத் தந்தது. கடை வைத்திருந்தவருக்கு வந்ததல்ல.

#11 மூன்று நட்சத்திரம்

பெட்டியில் இல்லாததைக் கேட்டு வாங்கும் வழி: அதிகாரிகளின் பணிப் பதிவேடுகள் டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருக்கும். சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுடையது அந்தந்த ரெஜிமென்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில். யானைச் சின்னமுள்ள மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டன். அதிகாரிக்கான விண்ணப்பத்தை வெலிங்டனுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள், பதில் வராது.

விண்ணப்பத்தில் இரண்டு எண்ணையும் போடுங்கள், இ.சி., ஐ.சி. இரண்டும். எண்ணின் கடைசியில் உள்ள ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள், அது எண்ணைச் சரிபார்க்கும் எழுத்து. இறப்புச் சான்று, உறவைக் காட்டும் சான்று, ஓய்வூதிய ஆணையின் நகல் மூன்றும் இணையுங்கள். வாரிசாக எழுதுபவர் ஆச்சியாக (ஐயாவின் மனைவி) இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். "எல்லாத் தகவலும் தருக" என்று கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். கமிஷன் தேதி, ஒவ்வொரு பதவி உயர்வின் தேதி, பணியாற்றிய பிரிவுகள், பதக்கங்கள் என்று நான்கை மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்கலாம்.

வீட்டிலிருந்தே செய்யக் கூடியது இந்திய அரசிதழ். அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு பற்றிய பாதுகாப்பு அமைச்சக அறிவிப்புகள் முதல் பாகம் நான்காம் பிரிவில் வரும். கமிஷன் ஆண்டை ஒட்டிய இதழ்களில் இ.சி. எண்ணையும், நிரந்தரக் கமிஷனுக்குப் பிந்திய இதழ்களில் ஐ.சி. எண்ணையும் தேடுங்கள். பெயரைத் தேடினால் கிடைக்காது, தலைப்பெழுத்தையும் தமிழ்ப் பெயரையும் அவர்கள் எழுத்துக்கூட்டியிருக்கும் விதமே வேறு.

மலர் வேலையோடு இதையும் பாருங்கள்: ஆச்சியின் குடும்ப ஓய்வூதியக் காகிதத்தில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா? பழைய ஆணைகளில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருப்பது மிகச் சாதாரணம். இல்லையென்றால் சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போய்த் திருத்தும் வழி கேளுங்கள்.

#12 பட்டாலைத் தூண்

நினைவு நாள் நிகழ்ச்சிக்கு ஒரு வார்த்தை. படத்திறப்பு இருந்தால் ஐயாவின் படத்தைத் தேசியக் கொடியால் மூடி வைத்துத் திறக்காதீர்கள். கொடியைத் திரைபோல, மேசைவிரிப்புபோலப் பயன்படுத்துவதைக் கொடி விதித்தொகுப்பு தடுக்கிறது. இறுதிச் சடங்கில் கொடி போர்த்துவது அரசு, ராணுவ மரியாதையோடு நடக்கும்போது மட்டும்தான். அதிலும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், சிதையில் வைக்குமுன் எடுத்துவிட வேண்டும். படத்தை மூட வெள்ளைப் பட்டு போதும்.

பேரனுக்கு ஐயாவின் சீருடையைப் போட்டு நிறுத்துவதும் வேண்டாம். கோட்டை ஒரு மரத் தாங்கியில் மாட்டி வளவில் வைக்கலாம். தோளில் மெல்லிய துணி சுற்றிய அகலமான தாங்கியாக இருக்கட்டும், ஆணியில் மாட்டினால் கம்பளித் துணி தோள்பட்டையில் தொய்ந்து கிழியும்.

#13 வெலிங்டன் சாலை

பெயர் எழுதும் முறையும் இருக்கிறது. 'முன்னாள் மேஜர்' என்பது தவறு. பதவி ஓய்வு பெறுவதில்லை, மனிதர்தான் ஓய்வு பெறுகிறார். பதவி முதலில், அப்புறம் பெயர், கடைசியில் (ஓய்வு). 'மேஜர் (ஓய்வு) இன்னார்' என்று நடுவில் போடுவதும் முறையல்ல. கல்வெட்டில் ஏறினால் அழிக்க முடியாது, ஆகவே மலரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

யானைச் சின்னம் மெட்ராஸ் ரெஜிமென்டுடையது. 1803 அசாயே போரின் நினைவு அது. காலாட்படையில் மிகப் பழைய ரெஜிமென்ட், 1758இல் தொடங்கியது. மெட்ராஸ் சாப்பர்ஸ் வேறு, அவர்கள் பொறியாளர் படை, தலைமையிடம் பெங்களூரு. நம் ஊரில் இரண்டையும் 'மதராஸ் படை' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது ரெஜிமென்டின் போர் முழக்கம். அதை மலரின் உள்ளட்டையில் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

#14 கண்டனூர்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய பத்தி:

"1963இல் அவசரகாலக் கமிஷன் பெற்று மெட்ராஸ் ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். பின்னர் நிரந்தரக் கமிஷனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965 போரின்போது களப்பகுதியிலும், 1971 போரில் மேற்கு எல்லையிலும், இமயமலை எல்லைப் பகுதியிலும் பணியாற்றினார். சமர் சேவா ஸ்டார், பச்சிமி ஸ்டார் உள்ளிட்ட எட்டுப் பணிப் பதக்கங்கள் பெற்றார். 1983இல் லெப்டினன்ட் கர்னல் பொறுப்பு வகித்தார். 1987இல் மேஜராக ஓய்வு பெற்றார்."

விளிம்புகளையும் படித்தாயிற்று. ஏழு பதக்கங்களில் ஐயாவின் பெயர் தெளிவாக இருக்கிறது, ரக்ஷா மெடலில் இ.சி. எண், மற்றவற்றில் ஐ.சி. எண். ஒரு சங்க்ராம் மெடலிலும் அவர் பெயர்தான். இன்னொரு சங்க்ராம் மெடலில் முன்னெழுத்து இல்லாமல் ஏழு இலக்க எண், சிப்பாய் என்ற பதவி, மெட்ராஸ் ரெஜிமென்ட், வேறொருவர் பெயர்.

#15 மூன்று நட்சத்திரம்

பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். 'மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார்' என்பதற்குத் தொப்பிச் சின்னம் மட்டும் சான்றாகாது, பதக்க விளிம்பில் பிரிவின் பெயர் இருக்கும், அதோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

#16 நாடாவரி

அந்த ஒன்பதாவது பதக்கம்தான் இந்தப் பெட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முன்னெழுத்து இல்லாத ஏழு இலக்கம் என்றால் ஜவான். ஐயாவின் கீழ் இருந்தவராக இருக்கலாம், பதக்கம் வழங்கும்போது மாறி வந்ததாகவும் இருக்கலாம். காரணத்தை ஊகித்து மலரில் எழுத வேண்டாம்.

அந்தப் பெயரையும் எண்ணையும் இங்கேயோ வாட்ஸாப் குழுவிலோ போடாதீர்கள். பழம்பொருள் வாங்குபவர் கண்ணில் பட்டால் விலை பேச வந்துவிடுவார். விளிம்பின் படத்தை நான்கு பக்கமும் எடுத்து, எண், பதவி, பெயர் மூன்றையும் எழுதி, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் ஸ்பீடு போஸ்டில் கடிதம் மட்டும் அனுப்புங்கள். பதக்கத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டாம். அவர்களிடம் அந்த எண்ணுக்கு உரியவரின் ஊர் முகவரியும் வாரிசு விவரமும் இருக்கும். "உரியவரிடம் அல்லது அவர் குடும்பத்திடம் நேரில் ஒப்படைக்க விரும்புகிறோம்" என்று எழுதுங்கள். ஆச்சியின் கையெழுத்தோடு, மேஜரின் மனைவி என்று போட்டு அனுப்புவது நல்லது.

#17 கண்டனூர்

அரசிதழும் தலைமையகக் கடிதமும் வர நாளாகும் என்பதால் மலரை அதற்காக நிறுத்தவில்லை. பதக்க விளிம்பில் 'மெட்ராஸ்' என்று இருக்கிறது, ஒப்பிட்டுவிட்டோம். பதக்கப் படம் எட்டை மட்டும் வரிசையாக வைத்து எடுத்தாயிற்று. ஒன்பதாவது தனிப் பையில், மேலே ஏழு இலக்க எண் எழுதிய சீட்டோடு இருக்கிறது. ஆச்சி கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காரைக்குடித் தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்டில் கடிதம் போகிறது.